நீ பிரசங்கம் செய்யாத ஞாயிறு

மகனே,

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நீ என் போனை எடுக்கவில்லை. அப்பா கூப்பிட்டால் மட்டும் எடுக்கிறாய். அதுவும் சாப்பிட்டேன், தூங்கப்போகிறேன் என்பதோடு சரி. அம்மா அழுவாள், அழுதால் நீ இளகிவிடுவாய், அதற்குப் பயந்துதான் ஒளிந்துகொண்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரியாதா? உன்னைப் பெற்றவள் நான். நீ எதற்கு எங்கே ஒளிவாய் என்று உனக்கு முன்னாலேயே எனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன். கடிதத்தைப் பாதியில் கட் செய்ய முடியாது. படித்துத்தான் ஆகவேண்டும். சத்துணவுக் கூடத்தில் பிள்ளைகள் சாப்பிட்டுப் போன பிறகு கிடைக்கிற நேரத்தில், கொஞ்சம் கொஞ்சமாக இதை எழுதுகிறேன். உன் செமினரி நண்பர்கள் படித்தாலும் படிக்கட்டும். இதில் ஒளிக்க ஒன்றும் இல்லை. நம் சபை எஸ்தரைப் பற்றி எழுதுவதற்கு மட்டும் அவளிடமே கேட்டுக்கொண்டேன். தாராளமாக எழுதுங்கள் என்று சொல்லிவிட்டாள்.

திங்கட்கிழமை நீ அப்பாவிடம் சொன்னதை அவர் அப்படியே என்னிடம் சொன்னார். "எனக்கு இந்த ஊழியம் ஒத்துவராதுப்பா. கமிட்டிக்கு எழுதிக் குடுத்துடறேன்" என்றாயாம். அடுத்த மாதம் பிரம்மதேசம் பக்கத்துச் சபைக்கு உன்னைப் போதகராக ஏற்படுத்தும் ஆராதனை. அந்தச் சபை ஜனங்கள் உனக்காகப் பின்னால் இருக்கிற அறைக்கு வெள்ளையடித்து வைத்திருக்கிறார்கள். நீயோ ஒரே ஒரு ஞாயிறு மேடையில் வாயடைத்துப் போனதற்காக எல்லாவற்றையும் விட்டுவிடப் பார்க்கிறாய். விட்டுவிடு என்றோ, விடாதே என்றோ சொல்ல நான் இதை எழுதவில்லை. நீ வளர்ந்தவன். ஆனால் ஆராதனை முடிந்ததும் நீ யார் முகத்தையும் பார்க்காமல் பஸ் ஏறிப் போய்விட்டாய். அதற்குப் பிறகு இங்கே நடந்தது உனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொண்டு முடிவெடு. தெரியாமல் எடுக்காதே.

எஸ்தரின் கதையில் உனக்குத் தெரியாத பகுதியை முதலில் சொல்லிவிடுகிறேன். அவள் புருஷன் ஈ.சி.ஆரில் கூனிமேடு தாண்டி பைக்கில் வரும்போது கார் மோதிச் செத்துப்போனதும், அங்கே கடை வைத்திருக்கிற பாய் ஒருவர்தான் தன் வேட்டியைப் போர்த்தி ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார் என்பதும் நீ கேள்விப்பட்டதுதான். ஆனால் அந்த அட்டை விஷயம் உன்னிடம் நான் சொல்லவில்லை. புத்தாண்டு ஆராதனையில் நம் சபையில் வீட்டுக்கு ஒரு வாக்குத்தத்த அட்டை எடுப்போமே, அதில் இந்த வருஷம் எஸ்தர் எடுத்தது தொண்ணூற்றொன்றாம் சங்கீதத்தில் இருந்து வந்தது. பொல்லாப்பு நேராது, உன் வீட்டை எந்த வாதையும் அண்டாது என்கிற வசனம். என்ன சந்தோஷம் அவளுக்கு! எல்லோரிடமும் காட்டினாள். உன் அப்பாவுக்குக் கண் சரியில்லை என்று அவர் காதில் வாசித்தே காட்டினாள். வீட்டுக்குக் கொண்டுபோய் பீரோ கதவில் ஒட்டி வைத்தாள். அவள் புருஷன் தினமும் உப்பளத்துக்குக் கிளம்பும்போது அதைத் தொட்டுவிட்டுப் போவானாம்.

அடக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் அந்த பீரோவைப் பார்த்தோம். பார்க்காமல் இருக்க முடியவில்லை. கூடத்தில் அவனைக் கிடத்தியிருந்த இடத்துக்கு நேர் எதிரே அது நின்றது. யாரும் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதற்கப்புறம் ஆறுதல் சொல்ல வந்தவர்கள் சும்மா இருந்தார்களா? விசுவாசத்தில் எங்கேயோ ஒரு குறை இருந்திருக்கும் என்றாள் ஒருத்தி. வசனத்தை ஆவிக்குரிய விதத்தில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார் பொருளாளர் தானியேல். நானும் என் பங்குக்கு, எல்லாம் நன்மைக்காகத்தான் நடக்கும் என்று சொல்லி அவள் கையைப் பிடித்தேன். அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை, வெறுமனே பார்த்தாள். அன்றிலிருந்து அவள் யாரிடமும் பேசவில்லை. அழவும் இல்லை. சபைக்கு மட்டும் தவறாமல் வந்து, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, எழுந்து போய்விடுவாள். அட்டையை அவள் கிழிக்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை.

இந்த அட்டை வழக்கத்தை நான் குறை சொல்லவில்லை. மாதர் சங்கத்தில் உட்கார்ந்து அட்டை எழுதுகிறவர்களில் நானும் ஒருத்திதானே. ஆனால் யோசித்துப் பார். நாங்கள் எந்த வசனத்தை எழுதுவோம்? இனிப்பானதாகப் பார்த்துப் பொறுக்கி எழுதுவோம். யோபு புலம்பியதை யாராவது அட்டையில் எழுதுவார்களா? புத்தாண்டு அன்று ஒருத்தி ஆசையாக அட்டையைப் பிரித்து, அதில் மண்ணுக்குத் திரும்புவாய் என்று இருந்தால் எங்களை உதைக்க வருவாள். இப்படி வேதத்தில் இருக்கிற வெல்லத்தை மட்டும் பொறுக்கி எடுத்து வீடு வீடாகக் கொடுத்துவிட்டோம். அந்த ஒரு வரிக்கு முன்னாலும் பின்னாலும் என்ன இருக்கிறது என்று சொல்ல ஆள் இல்லை. எஸ்தர் கையில் இருந்தது அந்த ஒரு வரி மட்டும்தான். அது பொய்த்துப் போனதும் அவளுக்கு ஆண்டவரோடு பேச வேறு வார்த்தையே இல்லாமல் போய்விட்டது.

சனிக்கிழமை நீ ஊருக்கு வந்ததும் அவளைப் பார்க்க என்னோடு வந்தாய். நான் பயந்துகொண்டே இருந்தேன். படித்துவிட்டு வந்த பிள்ளை, ஏதாவது விளக்கம் சொல்லப் போகிறானோ என்று. நீ பீரோவில் இருந்த அட்டையைப் பார்த்தாய். படித்தாய். பிறகு தரையில் உட்கார்ந்து அவள் மாமியார் கொடுத்த டீயைக் குடித்தாய். ஜெபம்கூடப் பண்ணவில்லை. போய்ட்டு வர்றேன்க்கா என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தாய். வீட்டுக்கு வந்ததும் உன் பேப்பர்களை எடுத்துவைத்துக்கொண்டு மறுநாள் பிரசங்கத்தைப் படித்துப் படித்துத் திருத்தினாய். பிரசங்கத்தின் தலைப்பு சந்தோஷம். கிரேக்க வார்த்தையெல்லாம் அதில் இருந்தது. நான் எட்டிப் பார்த்தேன். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

உப்பு விளையும் காலத்தில் காலையில் ஜனங்கள் அளத்துக்குப் போய்விடுவதால் நமக்கு ஆராதனை சாயந்திரம்தான். நீ மேடை ஏறியபோது எல்லோரும் குளித்துத் தலைவாரி, களைப்போடு உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள் என்பது உனக்கும் தெரியும். நீ பேப்பரை விரித்தாய். எங்களைப் பார்த்தாய். பிறகு மின்விசிறிக்குக் கீழே பார்த்தாய். பேசவில்லை. பேசவே இல்லை. மறந்துவிட்டானோ என்று நினைத்தேன். நீ பேப்பரை மடித்துச் சட்டைப் பையில் வைத்தாய். வேதத்தைத் திறந்து, எண்பத்தெட்டாம் சங்கீதத்தை எடுத்து வாசித்தாய். முதலிலிருந்து கடைசி வரை, ஒரு வார்த்தை விடாமல், ஒரு வார்த்தை சேர்க்காமல். கூப்பிட்டுக் கூப்பிட்டு, விரித்த கை ஓய்ந்துபோன ஒருவன் ஆண்டவரைப் பார்த்து ஏன் முகத்தை மறைத்துக்கொள்கிறீர் என்று கேட்கிற பாட்டு. கூட இருந்தவனை என்னைவிட்டுத் தூரமாக்கிவிட்டீரே என்று கேட்டு, ஒரு சமாதானமும் கிடைக்காமல், அப்படியே முடிந்துபோகிற பாட்டு. அந்தக் கடைசி வரியில் உன் குரல் உடைந்தது. "இதுவும் வேதத்துலதான் இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டாய்.

நம் சபை ஆயர் ஐயா என்ன செய்வதென்று தெரியாமல் பாட்டுக்கு அறிவித்தார். வாசலில் செருப்பு மாட்டும்போது தானியேல், மூன்று வருஷம் படித்துவிட்டு வந்து வாசித்துவிட்டு மட்டும் போகிறான் என்று உன் காதில் விழுகிற மாதிரியே சொன்னார். அவரை நான் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். உன் அப்பா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். தானியேல் இன்னும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். மனம் மாறிவிட்டார் என்று பொய் சொல்லி உன்னை நான் தேற்றப்போவதில்லை. பிரசங்கம் என்றால் குறைந்தது முக்கால் மணி நேரம் ஓடவேண்டும் என்று நினைக்கிறவர் அவர். அவர் கணக்கு அவருக்கு.

அப்பாவின் கதை வேறு. அளத்து வெள்ளை வெளிச்சத்தைப் பார்த்துப் பார்த்து அவருக்குக் கண் மங்கிய பிறகு, நீ பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவருக்கு வேதம் வாசித்துக் காட்டுவாய். ஞாபகம் இருக்கிறதா? அவர் உப்புத் தண்ணீர் பட்டு வெடித்த காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே கேட்பார். ஆதியாகமத்தில் தொடங்கிக் கடைசி வரை போய், திரும்பவும் ஆதியாகமத்துக்கு வருவாய். வம்சவரலாற்றுப் பெயர்களை நீ இழுத்து இழுத்து வாசிக்கிற அழகுக்கே நான் அடுப்படியில் சிரிப்பேன். ஞாயிறு ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது அவர் சொன்னார்: "அந்த சங்கீதம் வந்தா சின்னதுல வேகமா ஓட்டிடுவான். பயம் அவனுக்கு. இன்னிக்கி நின்னு படிச்சான்." அவ்வளவுதான் சொன்னார். இரண்டு தோசையோடு எழுந்துவிட்டார். உன் அப்பா இரண்டு தோசையோடு எழுந்தால் மனசு நிறைந்துவிட்டது என்று அர்த்தம், உனக்கு நான் சொல்லத் தேவையில்லை.

மகனே, நான் எத்தனையோ பிரசங்கம் கேட்டவள். நம் ஊருக்கு வருகிற வெளியூர்ப் பிரசங்கிமார்கள் எல்லோரும் ஒரே வசனத்தைத்தான் எடுப்பார்கள். பஸ்ஸில் வரும்போது ஜன்னல் வழியாக அளத்தைப் பார்த்திருப்பார்கள், உடனே நாம் பூமிக்கு உப்பு என்கிற வசனம்தான். தங்களுக்கு மட்டும் அது தோன்றியது மாதிரி சிரித்துக்கொண்டே ஆரம்பிப்பார்கள். நாமும் முதன்முறை கேட்பது மாதிரி தலையாட்டுவோம். வந்தவர்களை மனம் நோகச் செய்யக்கூடாதே. பெரிய ஜெபக் கூட்டங்களுக்கும் போயிருக்கிறேன். மைக் கிழியக் கத்துவார்கள், கை தட்டச் சொல்லுவார்கள், ஆவியானவர் இறங்கிவிட்டார் என்பார்கள். இறங்கியிருக்கலாம். இல்லை என்று சொல்ல நான் யார்? நல்லவர்களும் அவர்களில் உண்டு, அழுது ஜெபிக்கிறவர்களும் உண்டு. ஆனால் ஆவியானவர் நடத்துவது என்றால் என்ன என்று யாராவது இனி என்னைக் கேட்டால், நான் மைக்கைக் காட்டமாட்டேன். மூன்று வருஷப் படிப்பை மடித்துப் பையில் வைத்த உன் கையைக் காட்டுவேன்.

அதற்காக, இனிமேல் தயார் செய்யாமல் மேடை ஏறலாம் என்று நினைத்துக்கொள்ளாதே. அது சோம்பேறித்தனம், அதற்கு ஆவியானவர் பெயரைச் சொல்லாதே. அந்த நேரத்தில் அந்தச் சங்கீதம் உன் கைக்கு எப்படி வந்தது? ஆயிரம் பக்கத்துக்கு மேல் இருக்கிற புத்தகத்தில், எஸ்தருக்கு வேண்டிய அந்த ஒரு பக்கம்? அப்பா பக்கத்தில் உட்கார்ந்து வருஷக்கணக்காக நீ வாசித்தாயே, பயந்து ஓட்டினாலும் வாசித்தாயே, அது உள்ளே கிடந்தது. உன் அப்பா பாத்தியில் தண்ணீர் பாய்ச்சிவிட்டுக் காத்திருப்பார். வெயில் அவர் கையில் இல்லை. ஆனால் தண்ணீர் பாய்ச்சாத பாத்தியில் எவ்வளவு வெயில் அடித்தாலும் ஒரு கல் உப்பு விளையாது. பார், பிரசங்கிமார்களைக் கிண்டல் செய்துவிட்டு நானே உப்புக்கு வந்துவிட்டேன். வேறு என்ன செய்வது, எனக்குத் தெரிந்தது இதுதான். நீ பாய்ச்சிக்கொண்டே இரு. வெயிலை ஆண்டவர் பார்த்துக்கொள்வார்.

இப்போது நீ கேட்கவேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். திங்கட்கிழமை பொழுது சாய்கிற நேரத்தில் வாசலில் யாரோ நிற்பது மாதிரி இருந்தது. பார்த்தால் எஸ்தர். கையில் அவளுடைய வேதம். உள்ளே வாடி என்றேன். வந்து உட்கார்ந்தாள். நான் எதையும் கேட்கவில்லை, ஏதாவது சொல்லி மறுபடியும் அவள் வாயை அடைத்துவிடக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். கடைசியில் அவளே கேட்டாள்.

"அக்கா, நேத்து தம்பி படிச்சாரே, அது நெசமாவே பைபிள்ல இருக்கறதுதானா? அவரா எழுதினதா?"

"பைபிள்ல இருக்கறதுதான்டி."

"ஆண்டவர்கிட்ட இப்டிலாம் பேசலாமா?"

பேசலாம் என்று தலையாட்டினேன். எங்கே இருக்கிறது காட்டுங்கள் என்றாள். எடுத்துக் கொடுத்தேன். விரலை வைத்துக்கொண்டு மெதுவாக வாசித்தாள். கூட இருந்தவனைத் தூரமாக்கிவிட்டீரே என்கிற அந்த இடம் வந்ததும் நிறுத்தினாள். "நான் இதத்தான்க்கா கேக்கணும்னு இருந்தேன். கேட்டா பாவம்னு வாய மூடிக்கினு இருந்தேன்" என்றாள். அப்போதுதான் அழுதாள். அடக்கத்தின்போது அழாத அழுகை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி. அப்பா உள்ளே இருந்து எழுந்து வந்து கதவோரம் நின்றார், பிறகு போய்விட்டார். நான் அவளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு வசனமும் சொல்லவில்லை. நீ சொல்லவேண்டியதை எல்லாம் ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தாய்.

தோற்றுப்போனேன் என்று நீ பஸ்ஸில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு போனாயே, அந்த நேரத்தில் இங்கே ஒருத்திக்குப் பேச்சு திரும்ப வந்துகொண்டிருந்தது. நாங்கள் அத்தனை பேரும் சேர்ந்து பூட்டிய வாயை, ஒரு வார்த்தை விளக்கம் சொல்லாமல் நீ திறந்துவிட்டாய். நீ என்பது தப்பு. வேதம் திறந்தது. சரியான பக்கத்தில் உன் கையைக் கொண்டுபோய் வைத்தவர் ஒருவர் இருக்கிறார். நீ குறுக்கே நிற்காமல் விலகிக்கொண்டாய். என் பிள்ளை அப்படி விலகத் தெரிந்தவன் என்பதில் எனக்கு இருக்கிற பெருமையை எழுதி முடியாது. கிரேக்க வார்த்தைக்குப் பட்ட பெருமையெல்லாம் இதன் பக்கத்தில் ஒன்றுமே இல்லை.

அதற்குப் பிறகு தினமும் சாயந்திரம் வருகிறாள். இரண்டு பேரும் அந்தச் சங்கீதத்தை வாசிக்கிறோம். கொஞ்சம் பேசுகிறாள், புருஷனைப் பற்றி, பைக்கைப் பற்றி, அவன் குழம்பில் குறை சொல்வதைப் பற்றி. நேற்று வந்தபோது கையில் அந்த வாக்குத்தத்த அட்டை இருந்தது. பீரோவிலிருந்து உரித்து எடுத்து வந்திருந்தாள். ஒரு ஓரம் கிழிந்து, பின்னால் டேப் ஒட்டிக்கொண்டிருந்தது. கிழித்துப் போடத்தான் கொண்டுவந்திருக்கிறாளோ என்று நினைத்தேன். அவள் வேதத்தைத் திறந்து, அந்த அட்டையில் இருக்கிற வசனம் எங்கே வருகிறது என்று தேடினாள். தொண்ணூற்றொன்றாம் சங்கீதம். கண்டுபிடித்ததும், அங்கிருந்து எண்பத்தெட்டாம் சங்கீதம் வரை பின்னோக்கி ஒவ்வொரு தாளாகத் திருப்பினாள். எவ்வளவு தூரம் இருக்கும் என்று நினைக்கிறாய்? நான் இத்தனை வருஷம் வாசித்தும் கவனித்ததே இல்லை.

"நீ அண்டவிட மாட்டேன்னு சொன்னதும், ஏன் தூரமாக்கினேன்னு நான் கேக்கறதும் ரெண்டு தாளு தள்ளித்தான் இருக்குதுக்கா" என்றாள். ஆண்டவரைத்தான் நீ என்று சொல்கிறாள். இப்போது அப்படித்தான் அவரோடு பேசுகிறாள். "ஒரே புஸ்தகத்துல ரெண்டும் எப்டிக்கா ஒண்ணா இருக்குது?"

எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன். முதல்முறையாக அவளிடம் உண்மையைச் சொன்னேன். நடுவில் இருக்கிற சங்கீதங்களை வாசித்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். அட்டையை எண்பத்தெட்டாம் சங்கீதத்தின் மேல் வைத்து, வேதத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

"தம்பி வரட்டும். அந்த ரெண்டு தாளையும் அவரே படிச்சிக் காட்டட்டும். அதுவரைக்கும் நான் இந்தப் பக்கத்துலயே நிக்கறேன்."

இந்த ஞாயிறும் அவள் மின்விசிறிக்குக் கீழேதான் உட்கார்ந்திருப்பாள். நானும் பக்கத்தில் இருப்பேன். பஸ் ஏறும்போது ஒரு போன் செய், அப்பாவை ரோட்டுக்கு அனுப்புகிறேன்.

அம்மா